பதினான்காம் படுக்கையின் நேரங்கள்

ஜூலை 8, செவ்வாய்

விடிந்ததிலிருந்து காற்று. ரிங் ரோட்டுப் புழுதி மூன்றாம் மாடி ஜன்னல் வரைக்கும் ஏறி வருகிறது. இவரை ஐ.சி.யு.விலிருந்து வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். படுக்கை எண் 14. ஜன்னல் ஓரம். ஜன்னலைத் திறக்கக் கூடாது.

கொண்டு வந்தவை: கைலி 3, துண்டு 4, ஃபிளாஸ்க், ஜெபமாலை, செல் சார்ஜர், இந்த நோட்டு. மறந்தவை: சீப்பு, என் பி.பி. மாத்திரை. மாத்திரை கீழே மருந்துக் கடையில் வாங்கியாயிற்று. சீப்புக்கு என்ன அவசரம்.

டாக்டர் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன். காலை 6, 10, மதியம் 2, சாயங்காலம் 6 என்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை மருந்துப் புகை (நெபுலைசர்; இனி நெபு.). அது முடிந்ததும் முதுகைத் தட்டிச் சளியை மேலே கொண்டுவர வேண்டும். அதன்பின் காற்றைத் தள்ளும் மெஷினின் மாஸ்க். இது பத்து நாள் ஒழுங்காக நடந்தால் வீட்டுக்குப் போகலாம். நடக்காவிட்டால் மறுபடி தொண்டையில் குழாய்.

குழாய் வேண்டாம் என்று இவர் என் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டார். போன தடவை போட்டபோது ஆறு நாள் பேச முடியாமல் கிடந்தார். "செத்தாலும் பரவாயில்ல, அது மட்டும் வேணாம்." கப்பலூரில் கல் மாவு அரைக்கும் ஆலையில் இருபத்தாறு வருடம் வேலை. நுரையீரலில் பாதி கல்லாகிவிட்டது என்று டாக்டர் ஸ்கேனைக் காட்டிச் சொன்னார். ஆலையில் கொடுத்த முகக்கவசம் கொக்கியில் தொங்கியதைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

வார்டு நடுவில் பெரிய டி.வி. படம் ஓடுவதில்லை. பதினாறு படுக்கைக்கும் கட்டம் போட்டு, எந்த மணிக்கு யாருக்கு எது என்று வருகிறது. நேரத்துக்குச் செய்தால் பச்சை. அரை மணி தாண்டினால் மஞ்சள். ஒரு மணி தாண்டினால் சிவப்பு. சுவாசப் பிரிவுக்கென்றே வாங்கிய கம்ப்யூட்டர் ஏற்பாடாம், நர்ஸ் சொன்னார். பார்க்க எனக்குச் சந்தோஷம். நூறு பிள்ளைகளின் மதிப்பெண்ணைக் கையால் கூட்டியவளுக்கு இப்படி ஒன்று கிடைத்திருந்தால் என்று நினைத்துக்கொண்டேன்.

பழக்கதோஷம். நானும் நோட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டு நேரம் குறிக்க ஆரம்பித்துவிட்டேன். இரண்டு மணி நெபு.: வந்தது 2.25. ஆறு மணி நெபு.: 6.10.

ஜூலை 9, புதன்

6 மணி நெபு. பலகையில் 6.05க்கே பச்சை. ஆள் வந்தது 6.50. கடிகாரம் தப்போ என்று செல்லில் பார்த்தேன். தப்பில்லை.

வந்தது பாண்டிச்செல்வி என்ற பெண். மூச்சுப் பயிற்சி கொடுக்கப் படித்தது. தெரபிஸ்ட் என்று சட்டையில் எழுதியிருக்கிறது. திருமங்கலத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை இந்த வார்டு முழுக்கத் தனி ஆள். குள்ளம். நடையே ஓட்டம்தான்.

தட்டுவதற்கு முன் இவர் முதுகில் காதை வைத்துக் கேட்கிறது. ஸ்டெதஸ்கோப் கழுத்தில் தொங்கும்போதே காதையும் வைக்கிறது. பிறகு உள்ளங்கையைக் குழித்துக்கொண்டு தட்டுகிறது, மேளக்காரர் சோதித்துப் பார்ப்பது போல. இருபது நிமிடம்.

"ஐயா, உள்ள இம்புட்டுக் கல்ல வச்சிருக்கீகளே, வீடு கட்டப் போறீகளா?"

இவர் சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்தது. இருமலில் சளி வந்தது. செல்வி அதைத்தான் எதிர்பார்த்திருக்கிறது. கிண்ணம் தயாராகக் கையில்.

மாஸ்க் என்றால் இவருக்கு ஆகாது. முகத்தை யாரோ அமுக்குவது போல இருக்கிறதாம். நான் மாட்டினால் பிடுங்கிப் போட்டுவிடுவார். செல்வி மாட்டினால் மட்டும் பேசாமல் இருக்கிறார். என்ன வித்தை என்று கேட்டேன். "முதல்ல அவுக கையிலயே குடுத்திருவேன் டீச்சர். அவுகளே மூஞ்சிகிட்ட கொண்டு போவாக. நான் வாரை மட்டுந்தேன் இழுக்கறது." நாற்பத்தோரு வருடம் குடும்பம் நடத்திய எனக்கு இது தோன்றவில்லை.

10 மணி: வந்தது 11.20. பலகையில் 10.02 பச்சை.
2 மணி: 2.45. பச்சை.
6 மணி (சாயங்கால ஆள், ஒரு தம்பி): 6.10. ஐந்தே நிமிடம். பச்சை.

சாப்பாடு: கேன்டீன் இட்லி. புளிப்பு.

ஜூலை 10, வியாழன்

காற்று நிற்கவில்லை. வெயிலும்.

6 மணி: 6.55. 10 மணி: 11.05. 2 மணி: 3.10. மூன்றும் பலகையில் நேரத்துக்கு முடிந்ததாகப் பச்சை.

கோபம். பள்ளிக்கூடத்தில் வராத பிள்ளைக்கு வந்ததாகப் போட்டால் என்ன சொல்வேனோ அதே கோபம்.

எப்படி என்று இன்று கண்டுபிடித்தேன். நோயாளியின் கைப்பட்டையில் ஒரு பார்கோடு இருக்கிறது. செய்யப் போகும்போது கையிலிருக்கும் கருவியால் அதைத் தொட்டால்தான் கணக்கில் ஏறும். ஆளில்லாமல் டிக் போடக் கூடாது என்பதற்காக வைத்தது. செல்வியின் அடையாள அட்டைக்குப் பின்னால் ஒரு காகிதம். பதினாறு படுக்கையின் பார்கோடும் அதில் வரிசையாக ஒட்டியிருக்கிறது. பத்து மணிக்கு நர்ஸ் மேசை ஓரம் நின்று பதினாறையும் தொட்டது. டிங், டிங், டிங். இரண்டு நிமிடம் ஆகவில்லை. பலகை முழுக்கப் பச்சை. அப்புறம்தான் ஓட்டம்.

13ஆம் படுக்கையில் நூர்ஜஹான் அம்மா, தன் அண்ணனுக்குத் துணையாக இருக்கிறார். விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக் கடைக் குடும்பம். அவரிடம் சொன்னேன். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டே சொன்னார்: "டீச்சரம்மா, அந்தப் புள்ள வருதா இல்லையா? வருதுல்ல. அப்பறம் எந்நேரம்னு கேட்டு என்னத்துக்கு? ஹிசாப், கணக்கெல்லாம் அல்லாஹ் பாத்துக்குவான்."

எனக்கு அப்படி இருக்க முடியவில்லை. முப்பத்துநான்கு வருடம் கணக்கு டீச்சர்.

ஜூலை 11, வெள்ளி

6 மணி: 7.00. 10 மணி: 10.50.

மதியம் 1.30. இவருக்குத் திடீரென்று திணறல். உதடு நீலம். விரலில் மாட்டிய கருவியில் ஆக்சிஜன் அளவு (இனி ஆக்.) 81. நான் இவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். நூர்ஜஹான் அம்மாதான் எழுந்து ஓடினார். செல்வி 3ஆம் படுக்கையில் பாதி வேலையில் இருந்ததாம். அப்படியே விட்டுவிட்டு வந்தது. முட்டி போட்டுக் கட்டிலில் ஏறி, இவரைத் தன் தோளில் சாய்த்து, உறிஞ்சு குழாய் வைத்துச் சளியை எடுத்தது. நாற்பது நிமிடம். ஆக். 93 ஆன பிறகுதான் இறங்கியது. கட்டிலில் கொட்டிய சளியை நான் என் முந்தானையால் துடைத்தேன். அது தன் தோளைத் துடைக்கவில்லை, அடுத்த படுக்கைக்கு ஓடிவிட்டது.

என் நோட்டில் எழுதியிருப்பது: "2 மணி: 1.35."

அவ்வளவுதான் எழுதியிருக்கிறேன். நாற்பது நிமிடத்துக்கு என் கட்டத்தில் இடம் இல்லை.

ஜூலை 12, சனி

செல்விக்கு இன்று வார விடுமுறை. பகலுக்கு வேறு பெண். பேசவில்லை, குறையும் இல்லை.

சாயங்காலம் 6 மணி. பலகையில் 6.03 பச்சை. 6.30, யாரும் வரவில்லை. 7.00, வரவில்லை. 7.20க்கு நானே போய்க் கேட்டேன். சாயங்காலத் தம்பி கருவியைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "முடிஞ்சிருச்சுன்னு காட்டுதேம்மா."

வரவில்லை என்றேன்.

"இல்லம்மா, முடிஞ்சிருச்சு. ரெண்டாவது தடவ போட்டா ஓவர் டோஸ்னு எரர் வரும்."

நர்ஸ், டியூட்டி டாக்டர் என்று சுற்றி, புதிதாக ஒரு ஆர்டர் எழுதி, அது கம்ப்யூட்டருக்குள் போய், திரும்பி வந்து, நெபு. வைத்தபோது மணி 8.40. அதுவரை இவர் உட்கார்ந்தபடியே முன்னால் குனிந்து, ஓட்டப் பந்தயத்தில் கடைசியாக வந்த பையன் மாதிரி மூச்சு வாங்கினார். என்னைப் பார்க்கவே இல்லை. பார்க்கவும் மூச்சு வேண்டும்.

எழுதி வைத்துவிட்டேன்: "6 மணி: வரவில்லை." இரண்டு தடவை அடிக்கோடு.

ஜூலை 13, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. செல்லில் பார்த்தேன். பாதியில் நெட் போய்விட்டது.

6 மணி: 6.50. 10 மணி: 11.00. 2 மணி: 2.50. செல்விதான்.

மதியம் உட்கார்ந்து எல்லாவற்றையும் தனித் தாளில் படியெடுத்தேன். நாள், நெபு. நேரம், பலகையில் காட்டிய நேரம், உண்மையில் வந்த நேரம், வித்தியாசம். ஸ்கேல் வைத்துக் கோடு. வித்தியாசத்தை மட்டும் சிவப்பு மையில். நேற்று ராத்திரி நடந்ததை நினைத்துக்கொண்டே எழுதியதில் பேனா தாளைக் கிழித்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து.

மொத்தம் 21. அரை மணிக்கு மேல் தாமதம் 11. வராதது 1.

யார் பெயரும் எழுதவில்லை. ஆளைக் குறை சொல்வது என் நோக்கம் இல்லை. தலைமையாசிரியரிடம் டைம்டேபிள் சரியில்லை என்று காட்டுவதில்லையா, அது மாதிரி.

இவர் எட்டிப் பார்த்தார். "பேப்பர் திருத்துறியா?" என்றார். மாஸ்க்குக்குள்ளிருந்து பேசினால் கிணற்றுக்குள் இருந்து பேசுவது போல.

ஜூலை 14, திங்கள்

சுவாசப் பிரிவு மேனேஜர் அறை. ஏ.சி. நல்ல மரியாதை. எழுந்து நின்று நாற்காலி இழுத்துப் போட்டார். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவராம். டீச்சர் என்றால் இன்னும் பயம் என்றார். சமயநல்லூரில் வீடு.

தாளைப் பார்த்தார். "ரொம்ப நீட்டா இருக்கு டீச்சர். எங்க ஸ்டாஃப் கூட இப்படி எழுத மாட்டாங்க." எனக்கு அதில் பெருமை. ஒளிக்காமல் எழுதுகிறேன்.

பிறகு தன் கம்ப்யூட்டரில் ஏற்பாட்டைத் திறந்து காட்டினார். ஒவ்வொரு வேலைக்கும் நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். நெபு. மாட்டிவிட 4, முதுகு தட்ட 8, மாஸ்க் சரிபார்க்க 3. ஆக ஒரு நோயாளிக்கு 15. பதினாறு பேருக்கு 240 நிமிடம். நான்கு மணி நேரம் என்பதும் 240 நிமிடம்தான். அடுத்த சுற்று வந்துவிடும். கை கழுவ, தண்ணீர் குடிக்க, ஒரு படுக்கையிலிருந்து இன்னொன்றுக்கு நடக்க ஒரு நிமிடம் கூட இல்லை. பீரியடுக்கும் பீரியடுக்கும் இடையில் பிள்ளைகள் பறந்துதான் லேபுக்குப் போக வேண்டும் என்று டைம்டேபிள் போட்டது போல. அதைச் சொன்னேன். தலையாட்டினார்.

இன்னொன்று. பதினாறு பேருக்கும் பத்து மணி என்றே ஆர்டர். மஞ்சள் ஆவதற்கு முன் அரை மணி. அரை மணியில் ஒரு ஆள் இரண்டு பேருக்குத்தான் செய்ய முடியும். மீதிப் பதினாலு பேர் மஞ்சள், சிவப்பு. ஐந்தாம் வகுப்புக் கணக்கு. எப்படி முழுப் பலகையும் பச்சையாக இருக்கும் என்று கேட்டேன்.

"அதெல்லாம் அவங்க மேனேஜ் பண்ணிக்குவாங்க டீச்சர்."

அதே திரையில் வலது மூலையில் சின்னதாக ஒரு கட்டம். தேவையான ஆட்கள்: 4. இருப்பவர்: 1. சிவப்பு எழுத்து. கம்ப்யூட்டரே கணக்குப் போட்டுச் சொல்கிறது. அது என்ன என்று விரலை நீட்டினேன். "அது பட்ஜெட் விஷயம்," என்று திரையைக் கீழே தள்ளிவிட்டார். படுக்கை சிவப்பானால் மேனேஜர் செல்லுக்கு மணி அடிக்குமாம். அந்தக் கட்டம் சிவப்பானால் யார் செல்லுக்கும் அடிப்பதில்லை போல.

தாளை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டார். நோட்டையும் கேட்டார், ஒப்பிட்டுப் பார்க்க. இந்தப் பக்கங்கள் இருக்கின்றனவே என்று தயங்கினேன். பின்பக்கத்தை மட்டும் அங்கேயே ஜெராக்ஸ் எடுக்கச் சொன்னேன். எடுத்துவிட்டு நோட்டைத் தந்தார்.

மாடி ஏறும்போது லேசாக இருந்தது. இன்னும் இரண்டு ஆள் போடுவார்கள் என்று நூர்ஜஹான் அம்மாவிடம் சொன்னேன். அவர் நிமிராமல் பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார்.

ஜூலை 15, செவ்வாய்

6 மணி நெபு. சரியாக 6.30. புது ஆள். பெயர் கேட்கவில்லை. இவர் கையைப் பிடித்துக் கைப்பட்டையைத் தொட்டது. டிங். தட்டியது 8 நிமிடம். கருவியே எண்ணிச் சொல்கிறது, எட்டு முடிந்ததும் ஒலிக்கிறது. பாதி இருமலில் இருந்தார். "அடுத்த பெட்டுக்குப் போகணும்" என்று போய்விட்டது. சளி வரவில்லை.

மாஸ்க்கைப் பிடுங்கிப் போட்டார். நான் கையில் கொடுத்துப் பார்த்தேன். கட்டில் ஓரம் வைத்துவிட்டார். "அந்தப் புள்ள வரட்டும்."

விசாரித்ததில் தெரிந்தது. பார்கோடு ஒட்டிய காகிதங்களை நேற்றுச் சாயங்காலம் எல்லாரிடமும் வாங்கிக் கிழித்துவிட்டார்கள். இனி கைப்பட்டையை மட்டும்தான் தொட வேண்டும். 16ஆம் படுக்கையிலிருந்து கீழாக, வரிசைப்படிதான் போக வேண்டும். பாண்டிச்செல்வி சஸ்பெண்ட். நான் எழுதிய பதினொன்றும் அதன் பெயரில். பொய்யாக டிக் போட்டது என்று விசாரணை, நாளை மறுநாள். சனிக்கிழமை வராத அந்தத் தம்பிக்கு ஒன்றுமில்லை. ஒரே ஒரு தடவை, கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டார்களாம். அவன் எப்போதும் 16ஆம் படுக்கையில் ஆரம்பித்துக் கீழே வருகிறவன். அதனால் எங்களுக்கு மட்டும் நேரத்துக்கு வந்திருக்கிறான். 2ஆம் படுக்கைக்காரர் இப்படி ஒரு நோட்டு வைத்திருந்தால் அதில் அவன் பெயர்தான் வந்திருக்கும்.

நர்ஸ் ஊசி போட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல்: "நல்லா கணக்குப் போட்டுக் குடுத்தீங்க டீச்சர்."

நோட்டைப் பைக்குள் வைத்தேன்.

காலை 11 மணி வாக்கில் நூர்ஜஹான் அம்மாவின் அண்ணனுக்குத் திணறல். புது ஆள் இரண்டு படுக்கை தள்ளித்தான் நின்றது. "உங்க டைம் முடிஞ்சிருச்சும்மா, இனி ரெண்டு மணிக்கு மேலதான் வரும். இப்ப விட்டுட்டு வந்தா இந்தப் பெட் சிவப்பாயிரும்." டாக்டர் வந்து சொன்ன பிறகு வந்தது. இருபது நிமிடம் போய்விட்டது. அண்ணனைக் கீழே ஐ.சி.யு.வுக்குக் கொண்டு போனார்கள். நூர்ஜஹான் அம்மா வெற்றிலைப் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு ஸ்ட்ரெச்சர் பின்னால் போனார். எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். ஐ.சி.யு. கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பலகை காலையிலிருந்து மஞ்சளும் சிவப்பும். இப்போது அது உண்மையைக் காட்டுகிறது. நான் கேட்டது இதைத்தான்.

ஜூலை 16, புதன்

நெபு. நேரங்கள் எழுதவில்லை. இனி எழுதப் போவதில்லை.

இவருக்கு ஆக். 87, 88. டாக்டர் ஒரு மாதிரி பார்த்தார். குழாயைப் பற்றி யோசித்து வைக்கச் சொன்னார். யோசிக்க ஒன்றுமில்லை, அவர் சொல்லிவிட்டார் என்றேன். அப்படியானால் மாஸ்க்கை எடுக்காமல் போட்டிருந்தால்தான் வழி என்றார்.

லிஃப்ட் பக்கம் பெஞ்சில் செல்வி. சஸ்பெண்ட் கடிதத்துக்குப் பதில் எழுதிக் கொடுக்க வந்திருக்கிறது. சீருடை இல்லாமல் சுடிதாரில் பார்த்தபோது அடையாளம் தெரியவில்லை. கல்லூரிப் பிள்ளை மாதிரி. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எழுந்து போய்விடும் என்று நினைத்தேன். தள்ளி இடம் விட்டது.

ஐயா எப்படி இருக்கார் என்றுதான் முதலில் கேட்டது. சொன்னேன்.

"இடது பக்கம் சாச்சுப் படுக்க வச்சுத் தட்டணும் டீச்சர். வலது நுரையீரல்லதேன் கட்டி நிக்கிது. தட்ட வாறவுககிட்ட சொல்லுங்க."

உன் பெயரை நான் எழுதவில்லை என்றேன். சொல்லும்போதே கேவலமாக இருந்தது.

"தெரியும் டீச்சர். பேரு கம்ப்யூட்டர்லயே இருக்குல்ல."

ஏன் முன்கூட்டியே டிக் போட்டாய் என்று கேட்டேன். கோபமாக இல்லை, கேட்டேன். அது தன் கைகளைப் பார்த்தது. உள்ளங்கையைக் குழித்தே வைத்திருக்கிறது, பழக்கம்.

"சிவப்பு வந்தா சார் செல்லுக்கு அடிக்கும். மூணு சிவப்புக்கு ஒரு மெமோ. மெமோவுக்குப் பதில் எழுத அரை மணி நேரம். அந்த அரை மணில ரெண்டு பேரப் பாத்துறலாம். அதேன், முதல்ல பச்சையாக்கிட்டா எங்கள யாரும் பாக்க மாட்டாக. அப்பத்தேன் நாங்க நோயாளியப் பாக்க முடியும். வரிசைல போக மாட்டேன் டீச்சர். யாருக்கு இழுக்குதோ அங்குட்டு முதல்ல. உங்க ஐயாவுக்கு ஒன்றரைக்கு இழுத்துச்சுல்ல, அன்னைக்கு மூணாம் பெட்காரர் ஒரு மணி நேரம் காத்துக் கெடந்தாரு. அவரு நோட்டு வச்சிருக்கல, அம்புட்டுத்தேன்."

தப்பு செய்யவில்லை என்று ஒரு தடவை கூடச் சொல்லவில்லை. அழவில்லை. லிஃப்ட் வந்தது, போனது.

எனக்கு நினைவு வந்தது. மழை நாளில் பஸ் லேட்டாகும். ஒன்பது மணிக்கு வருகைப் பதிவேட்டை ஆபீசுக்கு அனுப்பியாக வேண்டும். சோழவந்தான் பக்கத்துப் பிள்ளைகள் ஒன்பதேகாலுக்குத்தான் வந்து இறங்குவார்கள். ஆப்சென்ட் போட்டால் அந்த வருடம் உதவித்தொகை போகும். நான் எட்டு ஐம்பதுக்கே அத்தனை பேருக்கும் வந்ததாகப் போட்டு அனுப்புவேன். முப்பத்துநான்கு வருடம். ஒருவரும் ஜெராக்ஸ் எடுக்கவில்லை.

நாளை விசாரணையில் பேசுகிறேன் என்றேன். "வாங்க டீச்சர்," என்றது. நம்பியது போலவும் இருந்தது, நம்பாதது போலவும் இருந்தது. வீட்டில் அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லையாம். காலையில் அதே முதல் பஸ்ஸில் ஏறி வந்து பெரியார் பஸ் நிலையத்தில் உட்கார்ந்துவிட்டுச் சாயங்காலம் திரும்புகிறது.

ஜூலை 17, வியாழன்

விசாரணை 11 மணி. மூன்று பேர்: மேனேஜர், ஆள் எடுக்கும் பிரிவிலிருந்து ஒரு அம்மா, ஒரு டாக்டர். செல்வி சுவர் ஓரம் நின்றது. நாற்காலி இருந்தது, உட்காரச் சொல்லவில்லை. மேசை மேல் என் தாள். சிவப்பு மை ஜெராக்ஸில் கறுப்பாக விழுந்திருந்தது.

நான் தயாராகப் போயிருந்தேன். 15ஐ 16ஆல் பெருக்கிக் காட்டினேன். அரை மணிக்கு இரண்டு பேர் கணக்கைச் சொன்னேன். ஒன்றரை மணித் திணறலைச் சொன்னேன். டாக்டர் கேட்டார். மேனேஜரும் குறுக்கிடவில்லை. முடித்ததும் அந்த அம்மா மிகப் பொறுமையாகச் சொன்னார்: "டீச்சர், ஸ்டாஃப் பத்துதா பத்தலையாங்கறது இன்னைக்கு விசாரணைல இல்ல. கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. இது உங்க கையெழுத்துதானே?"

ஆம்.

"ஒன்பதாம் தேதி காலை ஆறு மணிக்கு இவங்க வந்தாங்களா?"

ஆறு ஐம்பதுக்கு வந்து இருபது நிமிடம் தட்டியது என்றேன்.

"ஆறு மணிக்கு?"

வந்தது என்று சொல்லியிருக்கலாம். என் கடிகாரம் அரை மணி முந்தி ஓடுகிறது என்று சொல்லியிருக்கலாம். வயதாகிவிட்டது, தப்பாக எழுதிவிட்டேன் என்றால் யார் என்ன செய்ய முடியும். பிள்ளைகளுக்காக அத்தனை வருடம் பொய் எழுதியவள். ஆனால் கோடு போட்ட தாள் எதிரே இருக்கிறது, என் எண்கள், ஒன்று கூடக் கலையாமல்.

"இல்லை," என்றேன்.

அடுத்த தேதி. இல்லை. அடுத்தது. இல்லை. பதினொரு தடவை. நான் வாய்ப்பாடு ஒப்பிப்பது போல. ஐந்தாவதோ ஆறாவதோ சொல்லும்போது செல்வியைப் பார்த்தேன். அது என்னைப் பார்க்கவில்லை, தாளையும் பார்க்கவில்லை. சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. மணி 11.20. மேலே பத்து மணிச் சுற்று ஓடிக்கொண்டிருக்கும்.

முடிவை அங்கேயே எழுதினார்கள். நீக்கம். அனுபவச் சான்று தர மாட்டார்கள். காரணம்: பதிவில் பொய். மேனேஜர் வெளியே வந்து என்னிடம் நன்றி சொன்னார். உங்களால் ஏற்பாடு சுத்தமாகிவிட்டது என்றார். புது ஆள் போடுவீர்களா என்றேன். செல்வி இடத்துக்கு ஒருவர் வருவார் என்றார். ஒருவர்.

செல்வி படியில் இறங்கிப் போனது. கூப்பிட்டேன். திரும்பி, "இடது பக்கம் சாச்சு, மறந்துறாதீக" என்று மட்டும் சொன்னது. நிற்கவில்லை.

சாயங்காலம். காற்று கொஞ்சம் அடங்கியிருக்கிறது. 6.30க்குத் தம்பி வந்தான். இப்போது அவனும் வரிசைப்படி, கைப்பட்டை தொட்டு. இடது பக்கம் சாய்க்கச் சொன்னேன். "எட்டு நிமிஷத்துல புரட்டிப் போட நேரமில்லம்மா." எட்டு நிமிடம். ஒலித்தது. போனான். பச்சை. உண்மையான பச்சை.

நானே புரட்டிப் பார்த்தேன். முடியவில்லை. எழுபத்திரண்டு வயது உடம்பு, அதை அறுபத்தாறு வயது உடம்பு தூக்க வேண்டும். பாதியில் விட்டுவிட்டேன். உள்ளங்கையைக் குழித்துத் தட்டினேன். சத்தம் வேறு மாதிரி வந்தது.

மாஸ்க்கை நீட்டினேன். வாங்கவில்லை. ஆக். 86.

"அந்தப் புள்ள இன்னைக்கும் வரலையா?"

"லீவு போட்டிருக்கு," என்றேன்.

"நாளைக்கு?"

"நாளைக்கு வரும்."

என்னையே பார்த்தார். மாஸ்க்கைக் கையில் வாங்கிக்கொண்டார். முகத்துக்குக் கொண்டுபோகாமல் மடியில் வைத்திருந்தார்.

"காலையில ஆறு மணிக்கா?"

"ஆறு மணிக்கு," என்றேன்.

முகத்தில் வைத்தார். நான் வாரை இழுத்தேன். ஆக். 88.